கப்பல் பேங்க் நோட்டும் கால்நடை மருத்துவரும்

பத்தொன்பது வயதிலிருந்து ஏறக்குறைய இருபத்துமூன்று வயதுவரை நான் மனிதர்களை நம்பியதில்லை. காகிதங்களை நம்பினேன். அதுவும் வெறும் காகிதத்தை அல்ல. அடியில் ஒரு முத்திரை வேண்டும்; முத்திரையின்மேல் பச்சை மசியில் ஒரு கையெழுத்து சாய்ந்து ஓட வேண்டும். அப்படி ஒரு காகிதத்தைக் காட்டி, நிலா செய்யூர் தாலுகாவைச் சேர்ந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், எந்தக் கிராமம், எந்த சர்வே நம்பர் என்று மட்டும்தான் கேட்டிருப்பேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டி லாரியில் ஏற்றுபவர். அம்மா வேர்க்கடலைக் காட்டில் வேலை செய்பவள். என் படிப்பின் ஒவ்வொரு படியிலும் எங்களிடம் கேட்கப்பட்டது என்னைப் பற்றிய விவரம் அல்ல, என்னைப் பற்றிய காகிதம்தான். சாதிக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, இருப்பிடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் ஓர் அரசு அதிகாரியின் சான்றொப்பம். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் எங்கள் தெருவுக்கே நான்தான் விண்ணப்பம் எழுதுபவள். அந்தப் பெருமையை மறைத்ததும் இல்லை. பேனாவைத் தலைமுடியில் செருகிக்கொண்டு தெருவில் நடப்பேன்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் மறுக்காமல் கையெழுத்துப் போடும் ஒரே அதிகாரி கால்நடை மருந்தக டாக்டர். (ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார், நிம்மதியாக வாங்கட்டும்.) பெரிய பள்ளித் தலைமை ஆசிரியர் கையெழுத்துக்கு முன்னால் அறிவுரை சொல்வார். மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதற்கே டோக்கன் வாங்க வேண்டும். மாட்டு டாக்டரிடம் அறிவுரையும் கிடையாது, டோக்கனும் கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு. அவருக்கு உதவியாளர் பணியிடம் பல காலமாகக் காலி. அதனால் சான்றொப்பத்துக்கு வருகிறவர்கள்தான் கால்நடைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்காக ஒரு சினைப்பசுவைப் பிடித்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு கன்றுக்குட்டி. கல்லூரி மாற்றுச் சான்றிதழுக்கு இரண்டு கோழி. படிப்பு ஏற ஏற மிருகம் சிறிதாகிறதே என்று அம்மா கவலைப்பட்டாள்.

செங்கல்பட்டில் பி.காம். முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில், கல்பாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங். அங்கேதான் செண்பகம் மேடம் அறிமுகமானார்.

மேடத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிக்காரர், கணவன், மனைவி இருவருமே அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை, குடியிருப்பில் வீடு. டைப் அடிக்க அவர் கொண்டுவந்த கடிதங்கள் வினோதமாக இருந்தன. கல்கத்தாவில் யாரோ ஒருவருக்கு, பம்பாயில் யாரோ ஒருவருக்கு: 'தங்களிடம் உள்ள நோட்டின் வலது ஓரத்தில் கத்தரித்த தடம் இருக்கிறதா? எண் கையால் எழுதப்பட்டதா? தயவுசெய்து தெரிவிக்கவும்.' மூன்றாவது கடிதத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த நோட்டு மேடம், கணக்கு நோட்டா என்று கேட்டேன். மறுநாள் ஒரு ஆல்பத்தையே கொண்டுவந்து கவுண்டர்மேல் திறந்து வைத்தார்.

ரூபாய் நோட்டு என்றால் அரசாங்கம் அடிப்பது என்றுதான் நான் வணிகவியலில் படித்திருந்தேன். அது எப்போதும் அப்படி இல்லையாம். அரசாங்கம் மட்டுமே நோட்டு அடிக்கும் என்று சட்டம் வருவதற்கு முன்னால், ஆங்காங்கே நாலு வியாபாரிகள் கூடித் தொடங்கிய தனியார் வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அடித்திருக்கின்றன. இந்த ஊர் வங்கி நோட்டை அடுத்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் குறைத்துத்தான் வாங்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சு. எண்ணும் தேதியும் கையெழுத்தும் யாரோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து பேனாவால் எழுதியவை. தபாலில் அனுப்பும்போது திருட்டுக்குப் பயந்து நோட்டை நடுவில் கத்தரித்து, முதலில் ஒரு பாதி, அது போய்ச் சேர்ந்த செய்தி வந்தபின் மறுபாதி என்று அனுப்புவார்களாம். வாங்கியவர் இரண்டையும் ஒட்டிக்கொள்வாராம்.

அன்று கடைக்கு வந்தவர்களுக்கு நான் தப்புத் தப்பாகப் பக்கம் அடுக்கிக் கொடுத்தேன். மனம் முழுவதும் அதிலேயே இருந்தது. வங்கி மூழ்கிவிட்டால் கையில் இருக்கும் நோட்டை என்ன செய்வார்கள்? முதல் பாதி வந்து மறுபாதி வராமலே போனால்? பசை யார் காய்ச்சினார்கள்? மேடத்திடம் வரிசையாகக் கேட்டேன். முக்கால்வாசிக் கேள்விக்கு அவர் சொன்ன பதில், "தெரியாது. எனக்கும் அதுதான் வேணும்." அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெரிய மேடம் 'தெரியாது' என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

வாரத்தில் மூன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், நோட்டுகளுக்கு விவரச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். (சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம், இருந்தது.) மேடத்தின் கணவர், ஊரில் பெண்கள் எல்லாம் நகை வாங்குகிறார்கள், நம் வீட்டில் செல்லாத நோட்டு வாங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவார். நாலு மாதம் கழித்து மேடம் பீரோ சாவியின் ஜோடியை என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் பூட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் சாவியே கிடையாது. நான் முதன்முதலாக வைத்துக்கொண்ட சாவி அதுதான். குளிக்கும்போதுகூட எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு சென்னையில் பழைய நோட்டு, நாணயம் சேகரிப்பவர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். மேடம் தன் தனியார் வங்கி நோட்டுகளை வைப்பதாக இருந்தது. அதில் ஒரு பெரிய இடைவெளி. இந்தக் கடற்கரையோரம் வியாபாரிகள் சிலர் நடத்திய வங்கி ஒன்றின் நோட்டு மட்டும் அவரிடம் இல்லை. நோட்டின் உச்சியில் பாய்மரக் கப்பல் படம் இருக்கும் என்பதால் நாங்கள் அதைக் 'கப்பல் பேங்க்' என்போம். அது இருந்தது சதுரங்கப்பட்டினத்தில் கயிறு, மீன்வலைக் கடை வைத்திருந்த கமால் பாயிடம். பழைய மரப்பெட்டி ஒன்றின் மூடிக்குள் ஒட்டியிருந்த துணியைப் பிரித்தபோது கிடைத்ததாம். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மேடம் ஆறு முறை போய், ஆறு முறையும் தேவையே இல்லாமல் நைலான் கயிறு வாங்கி வந்தார். ஏழாம் முறை பாய் மனம் இளகி, கண்காட்சிக்கு மட்டும் இரவல் தருவதாக ஒப்புக்கொண்டார். ரசீது, பத்திரம் எதுவும் கேட்கவில்லை. "நான் எப்டி குடுக்கறனோ அப்டியே வரணும்மா, அவ்ளோதான்" என்றார். மேடம் சரி என்றார். அந்த ஒரு வார்த்தையில் நோட்டு கைமாறியது. எழுத்தில் எதுவும் வாங்காமல் இப்படிக் கொடுக்கிறாரே என்று எனக்குப் பாய்மேல் பரிதாபமாக இருந்தது.

கண்காட்சிக்காரர்களின் விண்ணப்பத்தில் ஒரு விதி: இரவல் பொருள் ஒவ்வொன்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல் ஒன்றை இணைக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து மேடத்துக்கு நான்கு நாள் பம்பாயில் பயிற்சி. புறப்படும் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனார்: நோட்டை ஜெராக்ஸ் எடு, அட்டெஸ்ட் வாங்கு, பீரோவில் வை. பிளாஸ்டிக் உறையை விட்டு நோட்டை வெளியே எடுக்காதே.

ஜெராக்ஸ், அட்டெஸ்ட். உலகத்தில் எனக்கு முழுமையாகத் தெரிந்த இரண்டே விஷயங்களை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தார்.

சாதாரணத் தாளில் எடுக்க மனம் வரவில்லை. கெட்டியான பாண்ட் பேப்பர் போட்டேன். முதல் நாள்தான் மெஷினுக்குப் புது டோனர் மாற்றியிருந்தேன். கப்பல், பாய்மரம், கொடி, குமாஸ்தாவின் எழுத்து எல்லாம் கருகருவென்று வந்து விழுந்தன. ஓரத்தை நோட்டின் அளவுக்கே கத்தரித்தேன். பின்பக்கம் அச்சு இல்லாத வெற்றுத் தாள்தானே, அதற்கு ஒரு காகிதத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று அதை எடுக்கவில்லை. (இந்த வாக்கியத்தை இன்றும் என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை.) அசல் பழுப்பேறி, மங்கி, நடுவில் ஒட்டுப்போட்டுப் பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் நகல்தான் நன்றாக இருந்தது.

மருந்தகத்தில் அன்று ஓர் ஆட்டுக்கிடா. தொண்டை வீங்கியிருந்தது. கொம்புகள் என் முழங்கை நீளம். அதன் உரிமையாளர் வெந்நீர் வாங்க டீக்கடைக்குப் போயிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்ததும், அப்பாடா, ஆள் வந்தாச்சு என்கிற முகத்தோடு, "எத்தனை காப்பி?" என்றார்.

"ஒண்ணுதான் சார். ஒரிஜினலும் கூடவே இருக்கு."

"அத மேஜமேல வெச்சுட்டு கொம்பப் புடி."

கொம்பைப் பிடித்தேன். ஊசி போட்டார். கிடா என்னை வட்டமாகச் சுற்ற வைத்தது. மருந்து இறங்கும்வரை விடாதே என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மேஜைக்குப் போனார். உறை வழுக்கியதால் நோட்டை வெளியே எடுத்தார். (நான் எடுக்கவில்லை. இதை மேடத்திடமும் சொன்னேன். எடுபடவில்லை.) என்ன நோட்டு என்று அவர் கேட்கவில்லை. சாதிச் சான்றிதழ் முதல் சைக்கிள் ரசீது வரை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவர், கேட்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் கிடாவோடு சுழன்றபடியே, அனுபவசாலியின் குரலில், "முன்னாடி எடம் இல்ல சார், பின்னாடி போடுங்க" என்று வழியும் காட்டினேன்.

இரண்டு தாள்களையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஒரிஜினல நல்லாத்தான் வெச்சிருக்க. ஜெராக்ஸ்தான் சரியில்ல. டோனர் தீந்துபோச்சு போல."

இந்த இடத்தில் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்கோ தொழில்முறைக் கோபம் வந்தது. என் மெஷினைப் பற்றி, அதுவும் நேற்று டோனர் மாற்றிய மெஷினைப் பற்றி, இப்படி ஒரு சொல்லா?

"நேத்துதான் சார் புது டோனர் போட்டேன்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"அப்டியா?" என்று சொல்லிக்கொண்டே முத்திரையை வைத்தார். டப். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. கொம்பை விட்டேன். கிடா மேஜையை நோக்கிப் போனது, நான் கிடாவுக்கு முன்னால் போனேன். அதற்குள் பச்சைப் பேனாவும் ஓடி முடிந்திருந்தது.

கப்பல் பேங்க் நோட்டின் பின்பக்கத்தில், நடுவில், 'உண்மை நகல்' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து. அதன் கீழே முத்திரை: கால்நடை உதவி மருத்துவர், கால்நடை மருந்தகம்.

கமால் பாய் வீட்டில் பத்திரமாக இருந்த அசல் நோட்டு, ஓர் அரசு அதிகாரியால், அது ஒரு ஜெராக்ஸ் என்று சான்றளிக்கப்பட்டுவிட்டது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, இரண்டு தாளையும் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அசலில் நகல் என்று கையெழுத்துப் போட்டது தெரிந்தால் தன் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற கவலை அவருக்கு. மேடத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை எனக்கு. இருவரும் கொஞ்ச நேரம் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது நான் சொன்னதுதான் என் பதினைந்து வருடப் படிப்பின் சாரம்.

"அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டா செல்லும் சார்."

அவர் முகம் தெளிந்தது. எந்த அரசு ஆவணத்திலும் அதுதானே முறை? 'உண்மை நகல்' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே, 'இது நகல் அன்று; அசல்' என்று எழுதினார். அதற்கு ஒரு கையெழுத்து, அதற்கு ஒரு முத்திரை. ஓரத்தில், 'திருத்தம் ஒன்று' என்று குறித்து அதற்கும் ஒரு சுருக்கொப்பம். பிறகு என் பாண்ட் பேப்பர் நகலுக்கும் ஒழுங்காகச் சான்றொப்பம் போட்டுக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், மருந்தகத்தைவிட்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மெல்லிய தாள். இரண்டு முத்திரைகளும் பச்சைக் கோடுகளும் தாளைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் தெரிந்தன. கப்பல் ஒரு பச்சைக் கடலில் போய்க்கொண்டிருந்தது. அங்கேதான், டிக்கெட் வாங்கும்போது, எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் சில்லறை இல்லாவிட்டால் பரவாயில்லை என்றார்.

வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது, முத்திரை தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு சீலு கீதே" என்றார். "அப்பறம் ஏம்மா அழுவுற? ஒண்ணுக்கு ரெண்டா கவர்மெண்டே ஒத்துக்கினுகீது."

அப்பாவின் கட்சியில் சேர்ந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. அடியில் கறுப்புத் துணி வைத்தால் பச்சை தெரியாது. அம்மாவின் குடைத்துணியை வைத்துச் சோதித்தேன், தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முன்பக்கம்தான் மேலே இருக்கும். யாரும் திருப்பிப் பார்க்கப்போவதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் வேலையும் இருக்கும், சாவியும் இருக்கும். பாய் என்றைக்கோ ஒருநாள் திருப்பிப் பார்த்தால், அதற்குள் எவ்வளவோ நடந்திருக்கும்.

கெடுத்தது விவரச் சீட்டு. கண்காட்சிக்கு அந்த நோட்டின் சீட்டையும் நான்தான் எழுத வேண்டும். முன்புறம், எண், ஒட்டு, தாளின் நிறம் எல்லாம் எழுதிவிட்டேன். 'பின்புறம்:' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. மற்ற நோட்டுகளுக்கு எழுதிய மாதிரி 'எழுத்து எதுவும் இல்லை' என்று எழுத வேண்டும். மூன்று சொற்கள்தான். வாயால் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. அது நல்ல குணம் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு அழகான கையெழுத்தை வீணாக்க மனமில்லை, அவ்வளவுதான்.

பம்பாயிலிருந்து வந்த மேடம் சூட்கேஸைக்கூடத் திறக்கவில்லை. அவர் கையில் நோட்டைப் பின்பக்கமாகவே கொடுத்தேன். மெதுவாக வாய்விட்டுப் படித்தார். 'கால்நடை' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். எப்போதும் என்னை வாம்மா, போம்மா என்று பேசுகிறவர்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

நான் கிடாவிலிருந்து தொடங்கிச் சொன்னேன். நடுவில் ஒருமுறை அவருக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது. அது சிரிப்பல்ல. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மனுஷன்ட்ட சரின்னு சொல்லிட்டு வந்தேனே என்று இரண்டு முறை சொன்னார். பிறகு கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் அவருடைய மொபெட்டில் சதுரங்கப்பட்டினம் போனோம். பாய் கடையில் வலைக்கு மிதவை எண்ணிக்கொண்டிருந்தார். மேடம் நோட்டைக் கொடுத்து, தவறு தன்னுடையது, அனுப்பியது தான்தான் என்று சொன்னார். நானும் ஏதோ சொன்னேன், யார் காதிலும் விழவில்லை. பாய் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நான் குடுக்க சொல்ல இதுல எந்த மாட்டு டாக்டரும் இல்லியேம்மா" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மன்சனுக்குப் பாக்கற டாக்டருகூடவா ஆப்டல?"

"அங்க டோக்கன் வாங்கணும் பாய்" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

பாய் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் யோசித்தார். கண்காட்சிப் பட்டியலில் அவர் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கடைத்தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை ஒரு வேனில் அழைத்துப் போவதாகப் பேச்சு. கடைசியில் தீர்ப்புச் சொன்னார். நோட்டு கண்காட்சிக்குப் போகும். ஆனால் பின்பக்கமும் தெரிய வேண்டும். முன்பக்கத்தை மட்டும் காட்டினால் தானும் சேர்ந்து மறைத்த மாதிரி ஆகிவிடும். பார்க்க வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள் அல்லவா? அவர்களுக்கு நான் பக்கத்திலேயே நின்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாளும், கேட்கிற ஒவ்வொருவருக்கும்.

அப்படித்தான் சென்னையில் ஒரு பெரிய கூடத்தில், என் ஒரே பட்டுப் பாவாடை தாவணியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். நோட்டைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார் மேடம். முதலில் வந்தவர் கப்பலைப் பார்த்தார், கீழே குனிந்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் தன் மனைவியைக் கூப்பிட்டு வந்தார். மறுபடி சொன்னேன். மத்தியானத்துக்குள் பக்கத்து மேஜைகளில் சோழர் காலக் காசு வைத்திருந்தவர்கள் எங்கள் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வங்காளக் கிழவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. என் முதல் ஆங்கிலச் சொற்பொழிவு ஒரு கிடாவைப் பற்றியது. அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஆடு பிழைத்ததா என்று விசாரித்தார். பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே கிழவர் ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தார். முந்தின நாள் பார்த்தது உறுத்திக்கொண்டே இருந்ததாம். பெட்டியைத் திறக்கச் சொல்லி, நோட்டைத் திருப்பி வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்தார். பிறகு மேடத்தைப் பார்க்கச் சொன்னார். மேடம் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார்.

பச்சைக்கு அடியில், மங்கிப்போன பழுப்பு மசியில், ஒரு தமிழ் எழுத்து வரி இருந்தது. அந்தக் காலத்தில் நோட்டு கைமாறும்போது சிலர் பின்னால் தங்கள் பெயரை எழுதிவைப்பார்களாம். பின்பக்கம் வெற்றுத் தாள் அல்ல. இத்தனை காலம் யாரும் உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் எழுத்துக் கூட்டினேன். '...து மரக்காயர்' என்பது வரை தெளிவாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பாதிப் பெயரைக் கால்நடை உதவி மருத்துவரின் முதல் முத்திரை முழுவதுமாக மூடியிருந்தது.

ஒரு நோட்டு யார் கையில் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள மேடம் பத்து வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"பின்பக்கம் ஜெராக்ஸ் எடுத்தியா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"காலியா இருக்குன்னு."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கிழவரிடம் திருப்பிக் கொடுத்தார். வாழ்க்கையில் நான் வாங்கிய வசவுகளில் இதுதான் பெரியது.

அப்போதுதான் கமால் பாய் வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு உள்ளே வந்தார். எழுத்தைக் காட்டினோம். அவர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.

"சையது மரக்காயர்" என்றார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன். எங்க அத்தா சொல்லுவாரு, கப்பல் வெச்சிருந்தவரு."

அகமதுவாகவும் இருக்கலாம், முகம்மதுவாகவும் இருக்கலாம், இந்தக் கடற்கரையில் பாதிப் பெயர் அப்படித்தானே முடியும் என்று மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாய் அவரைக் கனிவோடு பார்த்தார்.

"இல்லன்னு ப்ரூவ் பண்ணுங்க பாப்போம்."

முடியாது. என் தயவால் இனி யாராலும் முடியாது. வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பூதக்கண்ணாடியை வாங்கிப் பாட்டனைப் பார்த்தார்கள். சாயங்காலம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, பாய் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் சிங்கப்பெருமாள்கோயில் தாண்டிய பிறகு மேடம் வாயைத் திறந்தார். புதன்கிழமை வா, பதினாலு சீட்டு எழுதணும் என்றார். வேலை தப்பித்தது. சாவி கைக்கு வர மேலும் ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் அவரே பீரோவைத் திறந்து, நோட்டைத் தன் கையாலேயே எடுத்து வந்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி, என் மெஷின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையை ஊடுருவி அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தன் அலுவலகத்தில் நாலைந்து பேரைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அணுவைப் பிளக்கிறவர்களால்கூட மாட்டு டாக்டரைத் தாண்ட முடியவில்லை.

சில வருடங்கள் கழித்து, எனக்குக் கல்யாணமாகி, மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கமால் பாயின் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. எங்கள் வீட்டில் எல்லோரையும் அழைத்திருந்தார். சாப்பாட்டுப் பந்தலில் பாய் தன் சம்பந்தி வீட்டாரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். எங்கள் பாட்டன் பெயரைக் கண்டுபிடித்த பெண் இதுதான் என்றார். பிரியாணியோடு உட்கார்ந்திருந்த அப்பா சும்மா இருப்பாரா? அவர் இந்தக் கதையைச் சவுக்குத் தோப்புகளில் பல வருடமாகச் சொல்லி வருகிறார். அவர் கதையில் முத்திரை இரண்டல்ல, நாலு. கையெழுத்துப் போட்டவர் மாவட்ட கலெக்டர்.

"எம் பொண்ணு சீலு வாங்கினப்பறம்தான் அந்த நோட்டுக்கே மவுசு" என்றார் அப்பா.

"கலெக்டரு எப்ப கெடாவுக்கு ஊசி போட்டாரு?" என்று அம்மா பக்கத்து வரிசையிலிருந்து கேட்டாள். என் கணவர் தயிர்ப் பச்சடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், நாகூர்ப் பக்கத்துக்காரர், நிதானமானவர். நோட்டில் உள்ள முழுப் பெயர் என்ன, உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். பாய் தானே சொல்லவில்லை. பெருமையோடு என் பக்கம் கையைக் காட்டினார்.

"நீயே சொல்லும்மா. நீதான படிச்ச பொண்ணு."

பந்தலில் அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. அப்பாவின் முகமும். அந்த எழுத்தைப் படிக்க முடியாதபடி செய்தவளே நான்தான். அது 'சையது' என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எனக்கும் செண்பகம் மேடத்துக்கும் தெரியும். மேடம் அன்று வரவில்லை. பாயின் கண்ணைப் பார்த்தேன். எழுதச் சொன்னால்தானே தகராறு, வாயால்தானே கேட்கிறார் என்று தோன்றியது.

"சையது மரக்காயர்" என்றேன்.

போன வருடம் பாயின் மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகன் பெயருக்கு மேலே, தங்க எழுத்தில், 'கப்பல் வணிகர் சையது மரக்காயர் வழிவந்த' என்று அச்சாகியிருந்தது. என் கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஆதாரம் என்ன என்று என்னிடம் கேட்டார். பத்திரிகையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.